ஆப்பிளா, கொய்யாவா, வாழையா: பழக்கடையில் நின்று போட்ட கணக்கு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்குவது என் பொறுப்பு. பல வருடங்கள் யோசிக்காமலே "ஒரு கிலோ ஆப்பிள்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஆப்பிள் வாங்கிப் போனால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கொய்யா வாங்கிப் போனால்தான் "வேற எதுவும் கிடைக்கலையா?" என்று ஒரு குரல் வரும். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிள், நிச்சயதார்த்தத் தட்டில் ஆப்பிள், பிரசவம் பார்க்கப் போனாலும் ஆப்பிள். கொய்யாப் பையோடு ஐசியூ வாசலில் நிற்கும் ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

விலை ஏறிய ஒரு வாரம், கையில் பையோடு நின்றுகொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேர் சாப்பிடும் வீடு. அம்மாவுக்குச் சர்க்கரை. மகள் பள்ளி முடிந்து கூடைப்பந்து ஆடப் போகிறாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, அவருக்கும் பழம் எங்கள் பையிலிருந்துதான் போகும். இத்தனை பேருக்கும் ஒரே பழம் என்பது சரிதானா?

முதலில் கலோரி. ஆப்பிளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் கேட்பது அதைத்தான். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி தோலோடு 100 கிராம் ஆப்பிளில் 52 கிலோ கலோரி. 180 கிராம் எடையுள்ள நடுத்தரப் பழம் ஒன்றைச் சாப்பிட்டால் ஏறத்தாழ 95. கொய்யா 100 கிராமுக்கு 68. வாழை 89, இது நாம் மோரிஸ் என்று வாங்கும் வகையின் கணக்கு, மற்ற வகைகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பப்பாளி 43, ஆரஞ்சு 47.

இதை வைத்து ஆப்பிள்தான் எடை குறைக்கும் பழம் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. ஆனால் 52க்கும் 68க்கும் உள்ள தூரம் 16 கலோரி. தாளிக்கும்போது கை நழுவிக் கூடுதலாக விழும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. பழத்துக்குப் பழம் கலோரி பார்த்து ஆப்பிளைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாலையில் இரண்டு பஜ்ஜி சாப்பிடுபவர் (நானும் அதில் ஒருவன்) எங்கே சேமித்தார் என்று எனக்குப் புரியவில்லை. கலோரியை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. எல்லாமே பெரும்பகுதி தண்ணீர். ஆப்பிளில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

அப்படியானால் மிச்சமுள்ள 15 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இங்கேதான் ஆப்பிளின் மரியாதை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் ஆப்பிளில் 4.6 மில்லிகிராம். அதே எடைக் கொய்யாவில் 228. எழுத்துப் பிழை இல்லை, ஏறத்தாழ ஐம்பது மடங்கு. கொய்யாவின் அளவு வகைக்கும் பழுத்த பதத்துக்கும் ஏற்ப நிறைய மாறும் என்பது உண்மை. நம் கைக்கு வரும் கொய்யாவில் அதில் பாதிதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆப்பிள் பக்கத்தில் வர முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். அந்த 80ஐ ஆப்பிளிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் ஒன்றே முக்கால் கிலோ சாப்பிட வேண்டும். கூடவே 900 கலோரி. கொய்யா என்றால் ஒரு பழத்தில் கால் பங்கு, சரி, பாதி என்றே வையுங்கள்.

பணத்திலும் பார்த்துவிடலாம். ஆப்பிள் கிலோ 200 ரூபாய், கொய்யா 80 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைய வைட்டமின் சி-க்கு ஆப்பிளில் 350 ரூபாய், கொய்யாவில் 3 ரூபாய். வேறெந்தப் பொருளிலாவது இப்படி ஒரு விலை வித்தியாசம் இருந்தால் நாம் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்போம்.

அடுத்து இரும்பு. "ஆப்பிளை நறுக்கி வெச்சா கறுத்துப் போகுது பாரு, அவ்வளவு இரும்புச் சத்து" என்று சின்ன வயதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றும் சொல்கிறார்கள். துருப்பிடிப்பதுபோல் தெரிவதால் வந்த நம்பிக்கை. உண்மையில் நறுக்கும்போது செல்கள் உடைகின்றன. பழத்திலுள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் ஒரு நொதியின் உதவியோடு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பழுப்பாகின்றன. கத்தரிக்காயும் வாழைக்காயும் நறுக்கியதும் கறுப்பது இதே காரணத்தால்தான். எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் ஆப்பிள் கறுக்காது, அந்த நொதி புளிப்பில் சரியாக வேலை செய்யாது என்பதால். இரும்பு? 100 கிராமில் 0.12 மில்லிகிராம். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இரும்புக்காக ஆப்பிள் வாங்கிக் கொடுப்பது பாசம்தான், வைத்தியம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் கொய்யாவிலும் இரும்பு அதிகம் கிடையாது. ஆனால் கீரையிலும் பருப்பிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பை உடல் பிடித்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் வளரிளம் பருவத்தினருக்கு அரிசிச் சாப்பாட்டோடு கொய்யாவும் கொடுத்துப் பார்த்தபோது, சாப்பாட்டிலிருந்து உடல் உறிஞ்சும் இரும்பு வெகுவாகக் கூடியிருந்தது. (இந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயும் சின்னப் பிரிவாகத் தொடங்கியது. 1958இல்தான் ஹைதராபாத் போனது.) அதனால் இப்போது மகளுக்குக் கொய்யா, மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு டப்பாவில் போகிறது. சாயங்காலம் தனியாகத் தின்பதைவிட சாப்பாட்டோடு போனால்தான் இந்த விஷயத்தில் பயன்.

இவ்வளவு சொன்னதால் ஆப்பிளில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பலம் வைட்டமின் பட்டியலில் இல்லை. நார்ச்சத்தில், அதுவும் பெக்டின் என்கிற கரையும் நாரில் இருக்கிறது. ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான அதே பொருள். குடலில் கூழ்போலாகிச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். கெட்ட கொழுப்பையும் ஓரளவு குறைக்க உதவும். தோலில் குவர்செட்டின் போன்ற பொருள்கள் நிறைய. ஆனால் நம் வீடுகளில் முதல் வேலையே தோலைச் சீவுவதுதான். தோலோடு 2.4 கிராம் நார், சீவினால் 1.3. கிட்டத்தட்டப் பாதி குப்பைக்கூடைக்கு.

ஏன் சீவுகிறோம் என்றால் மெழுகு. கத்தியால் சுரண்டி வெள்ளையாகத் துருவல் விழும் வீடியோவைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆப்பிளின் தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. பழத்தைக் கழுவும்போது அது போய்விடுவதால், ஈரம் வற்றாமல் இருக்க மேலே மெல்லியதாகப் பூசுகிறார்கள். கார்னவ்பா பனை மெழுகு, அரக்கு போன்ற சாப்பிடத் தகுந்த பொருள்களுக்கு அனுமதி இருக்கிறது. என்னைக் கேட்டால் மெழுகைவிடப் பூச்சிமருந்து எச்சத்துக்குத்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2017இல் சோதித்தபோது, ஆப்பச்சோடா கலந்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்த ஆப்பிளில், அவர்கள் பூசிய இரண்டு மருந்துகளும் தோலின் மேற்புறத்திலிருந்து போய்விட்டன. உள்ளே இறங்கிய கொஞ்சம் மட்டும் போகவில்லை. நான் ஒரு பாத்திரத் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்பச்சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுகிறேன். அப்புறம் தோலோடுதான்.

நாரிலும் கொய்யாவே முன்னால் நிற்கிறது, 100 கிராமுக்கு 5.4. வாழை 2.6, ஆப்பிளோடு ஏறத்தாழ சமம்.

அம்மாவின் சர்க்கரைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். "சுகருக்குப் பச்சை ஆப்பிள்தான் நல்லது" என்று யாரோ சொல்ல, அம்மாவுக்காக ஒரு வருடம் பச்சை ஆப்பிள் வாங்கினேன். சிவப்பைவிட விலை நன்றாகவே கூடுதல். பிறகு பட்டியலைப் பார்த்தால், பச்சை நிற கிரானி ஸ்மித்தில் 100 கிராமுக்கு 9.6 கிராம் சர்க்கரை. நன்றாக இனிக்கும் ஃபியூஜியில் 11.7. ரெட் டெலிஷியஸ் 10.5. வித்தியாசம் அதிகபட்சம் 2 கிராம், அரைத் தேக்கரண்டிச் சீனி. பச்சை ஆப்பிள் புளிப்பதற்குக் காரணம் மாலிக் அமிலம் கூடுதலாக இருப்பது. அது புளிப்பது சர்க்கரை இல்லாததால் அல்ல. நாக்கு ஏமாறுகிறது, பர்ஸும் சேர்ந்து ஏமாறுகிறது. கொய்யாவில் 8.9 கிராம்தான், அதுவும் இரண்டு மடங்கு நாரோடு.

ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை 100க்கு இத்தனை என்று காட்டும் எண் கிளைசெமிக் குறியீடு. ஆப்பிளுக்கு அது 40க்குள்தான். ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் பழம், அதில் சந்தேகமில்லை. அமெரிக்கச் செவிலியர்களையும் மற்ற சுகாதாரப் பணியாளர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வந்த ஓர் ஆய்வில், புளூபெரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை முழுப் பழமாக அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாகவே வந்திருந்தது. பழச்சாறு அடிக்கடி குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்திருந்தது. பழத்தைவிட முக்கியமான தேர்வு அந்தக் கடைசி வரியில் இருக்கிறது: கடிப்பதா, குடிப்பதா?

ஜூஸ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 1977லேயே இங்கிலாந்தில் பத்துப் பேரை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரே அளவு ஆப்பிளை முழுசாக, கூழாக, சாறாகக் கொடுத்தார்கள். முழுப் பழத்தைத் தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்தில் சாறு தீர்ந்துவிட்டது. வயிறு நிறைந்த உணர்வும் முழுப் பழத்தில்தான் அதிகம். சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, பிறகு ரத்தச் சர்க்கரை சட்டென்று கீழே இறங்கியது. 2009இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் முன்பு ஆப்பிள் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளைக் கடித்துத் தின்றவர்கள், எதுவும் முன்னால் சாப்பிடாத நாளோடு ஒப்பிட்டால் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். அதே கலோரியைச் சாறாகக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாரைத் திரும்பச் சாற்றில் கலந்து கொடுத்தும் முழுப் பழத்துக்கு ஈடாகவில்லை. மெல்லுவதிலேயே ஏதோ இருக்கிறது.

நம் ஊர் ஜூஸ் கடையில் ஆப்பிள் ஜூஸ் என்றால் பால், சீனி, சில இடத்தில் ஐஸ்கிரீம். அதை ஆப்பிள் கணக்கில் எழுதக் கூடாது, இனிப்புக் கணக்கில்தான் எழுத வேண்டும். உலர்ந்த ஆப்பிள் துண்டுகள் இப்போது பாக்கெட்டில் வருகின்றன. தண்ணீர் போய்விடுவதால் 100 கிராமில் 240 கலோரிக்கு மேல். கொறித்துக்கொண்டே இருந்தால் நாலைந்து பழம் உள்ளே போனது தெரியாது.

அம்மாவுக்கு இப்போது பாதி ஆப்பிள் ஒரு நாள், ஒரு சின்ன செங்காய்க் கொய்யா மறுநாள், சாப்பாட்டுக்கும் டிபனுக்கும் நடுவில். ஆனால் பல்செட் போட்டிருப்பவருக்குக் கொய்யா விதை பெரிய இம்சை. செட்டுக்கு அடியில் ஒரு விதை மாட்டிக்கொண்டால் அன்றைய நாள் போச்சு. விதைப் பகுதியை வழித்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்கிக் கொடுக்கிறேன்.

இதுவரை படித்தவர்கள் கொய்யா ஜெயித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். சித்தப்பாவின் கதை அதைத் திருப்பிப் போட்டது. அவருக்குச் சிறுநீரகப் பிரச்சினை என்று தெரிந்த புதிதில், நான் புதிதாகக் கற்ற ஞானத்தோடு இரண்டு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு போய் நின்றேன். சித்தி பையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதைத்தான்பா டயட்டீஷியன் தொடவே கூடாதுன்னாங்க" என்றார். காரணம் பொட்டாசியம். நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியே தள்ளிவிடும். பழுதானது தள்ளாது, ரத்தத்தில் சேர்ந்தால் இதயத் துடிப்பையே குழப்பும். 100 கிராம் கொய்யாவில் 417 மில்லிகிராம் பொட்டாசியம், வாழையில் 358. ஆப்பிளில் 107தான். மற்றவர்களுக்கு ஆப்பிளின் குறையாகத் தெரிந்த அதே வறுமை சித்தப்பாவுக்கு வரம். இளநீரும் அவருக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், அதுவும் இதே காரணத்துக்காக. பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருக்கும் நோயாளிக்கு எந்தப் பழம் எவ்வளவு என்பதை அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நோயாளியைப் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு ஆப்பிள் வாங்கும் நம் வழக்கம், யாரும் யோசிக்காமலே, இந்த ஓர் இடத்தில் சரியாகப் பொருந்திவிடுகிறது.

ஆப்பிள் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அதில் ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம், சார்பிட்டால் என்ற இன்னொரு வகை இனிப்புப் பொருளும் உண்டு. எரிச்சல் குடல் தொந்தரவு உள்ள சிலருக்கு ஒரு ஆப்பிள் போதும், வயிறு உப்பிக்கொள்ளும். அவர்களுக்கு அதிகம் கனியாத வாழை எவ்வளவோ மேல்.

வாழையைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஒன்றுமில்லை. வாழைப்பழத்தின் அருமையைத் தமிழனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓடியாடும் பிள்ளைக்கு ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் கொடுக்க இதைவிடத் தோதான பழம் கிடையாது. கலோரி கூடுதல் என்பது அங்கே குறையே இல்லை. கழுவ வேண்டாம், கத்தி வேண்டாம், மெழுகு பற்றிய கவலையும் இல்லை.

வைத்திருக்கும் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொய்யாவுக்கு ஒருதலைப்பட்சமாகப் பேசியதாகிவிடும். பழுத்த கொய்யா இரண்டு நாள் தாங்கினால் பெரிது. மழைக்காலத்தில் பழ ஈ முட்டையிட்டுப் போயிருக்கும். வெட்டினால் உள்ளே புழு நெளியும், மகள் அப்புறம் ஒரு மாதம் கொய்யா பக்கமே திரும்ப மாட்டாள். ஆப்பிள் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும். கிலோவில் கால்வாசியைக் குப்பையில் போட்டால் மலிவு பழமும் மலிவில்லை. அதனால் நான் கொய்யாவை அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. பழுத்தது பாதி, செங்காய் பாதி. திண்டுக்கல் பக்கம் போகும்போது ஆயக்குடிக் கொய்யா கிடைத்தால் மட்டும் இந்த விதியெல்லாம் கிடையாது.

ஆப்பிளுக்கும் பருவம் உண்டு என்பது வருடம் முழுக்கக் கடையில் பார்க்கும் நமக்கு மறந்தே போய்விட்டது. நம் நாட்டு ஆப்பிளில் பெரும்பங்கு காஷ்மீரிலிருந்து வருகிறது, அடுத்தது இமாசலம். இமாசலத்தில் இன்றைக்கு இருக்கும் ஆப்பிள் விவசாயத்துக்கு வித்திட்டவர் அமெரிக்காவிலிருந்து வந்து கோட்கரில் தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ். 1916இல் ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். ஆகஸ்ட் முதல் அக்டோபர், நவம்பர் வரை அறுவடைப் பழம் நம் ஊர்ச் சந்தைக்கும் வரும், விலையும் இறங்கும். மற்ற மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் ஆக்சிஜனைக் குறைத்த குளிர்கிடங்கில் பல மாதம் இருந்தது அல்லது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அப்படி வைத்த பழத்தில் வைட்டமின் சி மெல்லக் குறையும். முதலிலேயே சொற்பமாக இருந்ததால் அதற்கு வருந்திப் பயனில்லை. நாரும் சர்க்கரையும் அப்படியேதான் இருக்கும். பளபளப்பான வெளிநாட்டு ஸ்டிக்கருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கூடுதல் சத்து எதுவும் வருவதில்லை. மொறுமொறுப்பு வரும். அது பிடித்தால் வாங்குங்கள், நானும் சில சமயம் வாங்குகிறேன்.

"தினம் ஒரு ஆப்பிள், டாக்டர் தேவையில்லை" என்பது 1866இல் வேல்ஸ் பகுதிப் பழமொழியாக அச்சில் வந்தது. அப்போது அதன் வடிவம் கொஞ்சம் வேறு, படுக்கப் போகும்போது ஆப்பிள் தின்றால் டாக்டருக்குப் பிழைப்புப் போகும் என்பதுபோல. ஆப்பிள் விளையும் குளிர்நாட்டில், குளிர்காலம் முழுக்கப் பரணில் வைத்துத் தின்னக்கூடிய பழம் அது ஒன்றுதான் என்றிருந்த காலத்துப் பேச்சு. அதையும் 2015இல் அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துச் சோதித்துவிட்டார்கள். படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால், தினமும் ஆப்பிள் தின்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக டாக்டரிடம் போகவில்லை. மருந்துச் சீட்டில் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆய்வு ஏப்ரல் முட்டாள்கள் தினத்தையொட்டி மார்ச் 30 அன்று இணையத்தில் வந்தது, அதை எழுதியவர்களுக்கும் நகைச்சுவை உண்டு போல.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழம். நாலு பேருக்கு வாரத்துக்கு 2.8 கிலோ. இந்த ஞாயிறு என் பையில் ஒரு சீப்பு பூவன், அரைக் கிலோ கொய்யா, ஒரு பப்பாளி, சித்தப்பாவுக்கு மூன்று ஆப்பிள், அம்மாவுக்கு ஒன்று. நாலே நாலு ஆப்பிளைத் தராசில் வைத்ததும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டார். சித்தப்பாவை நினைத்து ஆமாம் என்றேன்.